அக்காவின் பயமும் எங்கள் பாஸ்காவும்

சென்ற ஆண்டு அடக்கத்தின்போது, இந்த நினைவு மலரை இன்று கையில் வாங்கியிருப்பவர்களில் பலர் எங்கள் அக்காவைத் துணிச்சலானவர் என்று என்னிடம் சொன்னார்கள். கணவர் போன பின் ரொட்டிக் கிடங்கைத் தனியாக நடத்தியவர், சுவாமியாருக்கே பதில் சொன்னவர், பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆண்கள் நடுவே எழுந்து நடந்தவர் என்றார்கள். அவை நடந்தவைதான். ஆனால் அவர் கையில் வளர்ந்தவன் என்ற முறையிலும், பத்திரிகை வேலையில் கண்டதைக் கண்டபடி எழுதப் பழகியவன் என்ற முறையிலும் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கா வாழ்நாள் முழுவதும் பயந்தவர். அவர் செய்த நற்காரியங்களில் பெரும்பாலானவை அந்தப் பயத்திலிருந்து வந்தவை. உறவினர்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா அல்சூரில், ஏரிக்கு அருகே ஓர் ஓட்டு வீட்டில், எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து, தண்டு என்று நாம் சொல்லும் கன்டோன்மென்டில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைத்தவர். அம்மா பெரும்பாலும் படுக்கையில் இருந்தார். ஆகவே எங்களைக் குளிப்பாட்டியதும் பூசைக்கு இழுத்துப் போனதும் அக்காதான். நாங்கள் ஏரிப் பக்கம் போனால் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். யாராவது பதில் சொல்லத் தாமதித்தால் அழுதுவிடுவார்.

பதினைந்து வயதில் பிளாக்பள்ளியில் ரொட்டிக் கிடங்கு வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டார். பிளேக் திரும்பத் திரும்ப வந்த வருஷங்கள் அவை. ஊருக்கு வெளியே போட்டிருந்த தகரக் கொட்டகையில் அத்தான் கிடந்தபோது அக்கா அருகிலேயே இருந்தார். முகத்தைப் பார்த்தால் தைரியம் போய்விடுகிறது என்று, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். அத்தான் போனார். பிள்ளைகள் இல்லை. அடுப்பை அணைக்காமல் கிடங்கைத் தொடர்ந்து நடத்தினார். பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு எங்கள் அக்காவின் ரொட்டி போயிற்று. தினமும் பூட்டிய கதவை மறுபடி தள்ளிப் பார்ப்பார். அடுப்புச் சாம்பலில் தானே கைவைத்துப் பார்த்த பிறகுதான் படுப்பார்.

கிடங்கு நிமிர்ந்ததும் அக்கா கோவில் காரியங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். எண்ணெய்க்கும் மெழுகுத்திரிக்கும் கொடுப்பவர்கள் பலர் இருந்தார்கள். அக்கா பாஸ்காவுக்குக் கொடுத்தார். வெளியூர் உறவினர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஆண்டவருடைய பாடுகளை எங்கள் பங்கில் ஆளுயரச் சுரூபங்களை வைத்துக் காட்டுவார்கள். திரைக்குப் பின்னால் உபதேசியார் வசனத்தை வாசிப்பார், பெண்கள் ஒப்பாரி பாடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மாலை, தோளில் தோல் வைத்து மூட்டிய கர்த்தர் சுரூபத்தைச் சிலுவையில் ஏற்றி, இறக்கி, ஆசந்தி என்ற பாடையில் வைத்துப் பவனி கொண்டுபோவார்கள். ஏற்றி இறக்கும் உரிமை சில குடும்பங்களுக்கு மட்டும் உண்டு. அவர்களுக்குத் தலைவர் அந்தோணி. ஊரில் அவரைச் சுரூபக்கார அந்தோணி என்பார்கள்.

முதல் உலக யுத்தம் முடிந்த சில வருஷங்களில் பிளாக்பள்ளியில் படம் காட்டும் பயாஸ்கோப்புக் கூடாரங்கள் முளைத்தன. பாஸ்காவுக்கு வரும் கூட்டம் மெலிந்தது. ரயில்வே குமாஸ்தாவான சின்னப்பன் என்ற இளைஞர், சுரூபங்களுக்குப் பதில் மனிதர்களே நடிக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டியைச் சேர்த்தார். அந்தோணியும் சின்னப்பனும் உதவி கேட்டு ஒரே நாளில் அக்காவின் கிடங்கில் வந்து நின்றார்கள். நானும் அங்கிருந்தேன்.

"அம்மா, சுரூபத்துக்குத் தோள்ல தோலு நைஞ்சு போச்சு. இந்த வருஷம் கையை மடக்கினா கழண்டு வந்துடும்" என்றார் அந்தோணி.

"அதைத்தான் அண்ணே நாங்களும் சொல்றோம். அதுக்கு ரெஸ்ட் குடுங்க" என்றார் சின்னப்பன்.

"உனக்கு ரெஸ்ட் வேணும்னா பயாஸ்கோப்புல போய் எடுடா."

"அங்கதானே சனமெல்லாம் கீது! போன பெரிய வெள்ளிக்கு நம்ம பந்தல்ல யாரு இருந்தா? ரெண்டு வரிசை கிழவிங்க, மடியில தூங்குற குழந்தைங்க. உங்க ஒப்பாரிதான் அதுங்களுக்குத் தாலாட்டு."

அந்தோணி கையை ஓங்கினார். அக்கா நடுவில் ரொட்டித் தட்டை நீட்டினார். இருவரும் ஆளுக்கொன்று எடுத்துத் தின்றார்கள்.

அக்கா இரு தரப்புக்கும் கொடுத்தார். சுரூபத்துக்குப் புதுத் தோலும் வர்ணமும் வந்தன. சின்னப்பன் கோஷ்டிக்கு உடுப்பும் மேடையும் கிடைத்தன. ஆனால் சிலுவையில் ஏறுவது யார், சுரூபமா மனிதனா என்பது தீரவில்லை. வழக்கு சுவாமியாரிடம் போயிற்று. அவர் பிரெஞ்சுக்காரர், தமிழைப் புத்தகத்தில் கற்றவர்.

"பணம் உம்முடையது, அம்மா. ஆகையால் தீர்மானமும் உம்முடையதாக இருக்கட்டும்" என்றார்.

அக்கா பதறிப்போனார். "ஐயோ சாமி, பணம் குடுத்துட்டா எனக்குப் பாஸ்கா தெரியும்னு ஆயிடுமா? நான் மாவு பிசையறவ."

"யாராவது தீர்மானிக்க வேண்டும் அல்லவா?"

வீடு வந்ததும் அக்கா சாப்பிடவில்லை. "சனம் வரணும். வராட்டி சுரூபத்துக்குத் தோலு போட்டு யாருக்குக் காட்டறது?" என்று என்னிடம் கேட்டார். மறுநாள், மனிதனே ஏறட்டும் என்று சொல்லியனுப்பினார். கொடுக்கிறவர் விருப்பமே எல்லாருடைய விருப்பமாகிவிட்டதை அன்று கண்டேன். நேற்றுவரை எதிர்த்தவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அக்காவை அதிகம் பயமுறுத்தியது அந்த மௌனம்தான்.

கோஷ்டி தேர்ந்தெடுத்த ஆள் சவரிமுத்து. உயரம், தாடி, கணீரென்ற குரல் எல்லாம் பொருந்தின. அவர் அக்காவின் கிடங்கில் அடுப்பில் நிற்பவர். அவருடைய மனைவி லூர்தம்மாள் மறுநாளே அக்காவைத் தேடி வந்தார்.

"யம்மா, நீங்க சொன்னா அவரு கெணத்துல கூட குதிப்பாரு. உங்க சோத்தைத் திங்கறவரு, மாட்டேன்னு சொல்ல வாய் வராது. நீங்களே வேணாம்னு சொல்லிடுங்க."

அக்கா சவரிமுத்துவைக் கூப்பிட்டார். "சவரி, இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லு. வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அவ கெடக்கறாம்மா, பேஜாரு புடிச்சவ. தினம் இந்த அடுப்பு முன்னாடி நரகத்துல நிக்கறேன். ஒரு நாள் மோட்சத்துல தொங்கிட்டு வரேனே!"

"பேச்சைப் பாரு, தொங்கறாராம்!" என்று லூர்தம்மாள் முந்தானையால் அவர் தோளில் அடித்தார். எல்லாரும் சிரித்தோம். அவர்கள் போன பின் அக்கா என்னைக் கேட்டார்: "அது நெசமான சிரிப்பாடா, மொதலாளிக்குச் சிரிச்ச சிரிப்பா? எனக்குத் தெரியலையே."

ஒத்திகைகள் நன்றாக நடந்தன. ஒன்றைத் தவிர. சிலுவையில் ஏற்றுவதை ஒத்திகை பார்க்க அந்தோணியின் ஆட்கள் மறுத்தார்கள். கர்த்தரை வருஷத்தில் ஒரு தரம்தான் ஏற்றுவது. முன்னதாக ஏற்றிப் பார்ப்பது பாவம் என்பது அவர்கள் வழக்கம். வேறு வழக்கங்களும் இருந்தன. கட்டும்போது கையில் வெள்ளைத் துணி சுற்றிக்கொள்வார்கள், தலையைக் குனிந்திருப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஏற்றியது முதல் இறக்கி ஆசந்தியில் வைக்கும்வரை மேடையிலும் பந்தலிலும் ஒருவரும் பேசக் கூடாது. இவற்றில் எதையும் சின்னப்பன் மாற்றச் சொல்லவில்லை. அழகான வழக்கங்கள் என்று அவருக்கே அவற்றின்மேல் பிரியம் இருந்தது. சவரிமுத்து தன் பங்குக்கு, உடம்பு மெலிந்து தெரிய வேண்டும் என்று தபசு காலம் முழுதும் ஒரு வேளைதான் சாப்பிட்டார்.

பெரிய வெள்ளிக்கிழமை மாலை, வெயில் தாழும் நேரம். பந்தலில் இடமில்லாமல் சுவர்மேலும் ஆட்கள் இருந்தார்கள். நான் ஆண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றேன். சிலுவையில் அறையும் கொல்கொத்தா காட்சிக்கு மணிக்குப் பதில் மரக் கட்டை தட்டினார்கள். அந்தோணியின் ஆட்கள் குனிந்த தலையோடு சவரிமுத்துவைச் சிலுவையில் கிடத்தி, அக்குளுக்கு அடியிலும் நெஞ்சைச் சுற்றியும் துணியாலும் கயிற்றாலும் கட்டினார்கள். சுரூபத்தைக் கட்டும்போது கயிற்றை முழங்காலால் உதைத்து இழுத்து முடிய வேண்டும். இல்லாவிட்டால் மரச் சுரூபம் முன்னால் சாய்ந்து தோள் கழன்றுவிடும். அவர்கள் கைகளுக்குத் தெரிந்த கட்டு அது ஒன்றுதான். சவரிமுத்துவையும் அப்படியே கட்டிச் சிலுவையை நிமிர்த்தினார்கள்.

ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வாக்கியங்களில் முதலாவதைச் சவரிமுத்து சொன்னார். குரல் பந்தலின் கடைசிவரை கேட்டது. இரண்டாவதைச் சொன்னபோது குரல் சற்றுக் கம்மியிருந்தது. மூன்றாவது வரவில்லை. திரைக்குப் பின்னால் இருந்த உபதேசியார், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, சுரூபத்துக்காக வருஷந்தோறும் வாசித்த பழக்கத்தில் அதைத் தாமே வாசித்தார். நான்காவதையும் வாசித்தார். பந்தல் முழுவதும் அழுகை. என் பக்கத்தில் நின்றவர் வழக்கத்தை மீறி என் காதில் சொன்னார்: "எப்படி நடிக்கறான் பாரு. கண்ணுல உசிரே இல்ல."

எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். என் தொழிலில் முகத்தைப் பார்க்கத்தான் பழகியிருந்தேன். லூர்தம்மாள் பார்க்க முடியாமல் முந்தானையில் முகம் புதைத்திருந்தார். நெஞ்சைப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்ததைக் கண்டேன். மயக்கம் வந்து வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் நடுவழியே மேடையை நோக்கி நடந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார்கள், யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்திழுத்தார்கள். தலைப்பை உருவிக்கொண்டு மேடையில் ஏறினார்.

"கயித்தை அவுருங்க" என்றார்.

அந்தோணி குனிந்த தலையோடு, உதடு அசையாமல், "அம்மா, பேசக் கூடாது. இன்னும் முடியல" என்றார்.

"அந்தோணியண்ணே, அது சுரூபம் இல்ல. நம்ம சவரி. நிமிந்து பாருங்க."

அந்தோணி அசையவில்லை. அக்கா அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். அண்ணாந்த அந்தோணியின் வாயிலிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குச் சொல் இல்லை.

சுரூபத்தை உடையாமல் இறக்குவதில் அவர்களைப்போல் தேர்ந்தவர்கள் கிடையாது. தோளுக்கடியில் துணி கொடுத்து, தலை தொங்காமல் தாங்கி, ஒரு மூச்சில் இறக்கிவிட்டார்கள். சவரிமுத்துவின் உதடு நீலமாக இருந்தது. ஆசந்திக்கு என்று விரித்த வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள். அக்கா மண்டியிட்டு அவர் நெஞ்சில் காது வைத்தார். பந்தல் முழுவதும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு சவரிமுத்து இருமினார். லூர்தம்மாள் மேடைக்கு ஓடி வந்து அவரைத் திட்டத் தொடங்கினார். "தொங்கிட்டு வரேன்னியே, தொங்கிட்டு வரேன்னியே" என்று அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுததை அன்றைக்குப் பின் நான் பார்த்ததில்லை.

சவரிமுத்து பிழைத்தார். இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், பிடிக்காது. அடுப்பில் நீளத் துடுப்பைத் தள்ள முடியாமல் போயிற்று. அக்கா அவரைக் கிடங்கின் முன்கடையில் உட்கார வைத்தார். இன்றும் அவர் அங்கே இருக்கிறார்.

பங்கில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. மனிதனை ஏற்றியது தெய்வ குற்றம் என்றனர் சிலர். ஆண்டவரின் அடக்கக் காட்சி முடியுமுன் ஒரு பெண் பாஸ்காவை நிறுத்தியதுதான் குற்றம் என்றனர் வேறு சிலர். அந்தோணி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா அவரைப் பார்க்கப் போனபோது நானும் உடன் போனேன்.

"முகத்தைப் பாக்காதேன்னு என் அப்பன் சொல்லிக் குடுத்தாரு. பாத்திருந்தா அவன் கை போயிருக்காதே, அம்மா."

"நீங்க வழக்கப்படி செஞ்சீங்க. சின்னப்பன் புதுசு வேணும்னு கேட்டான். நான் பணம் குடுத்தேன். மூணு பேருல ஒருத்தரும் சவரி உடம்புக்கு என்ன ஆகும்னு கேக்கல" என்றார் அக்கா.

அக்கா இனிப் பாஸ்காவுக்குக் கொடுக்க மாட்டார் என்று ஊர் எதிர்பார்த்தது. நானும் நிறுத்திவிடும்படி சொன்னேன். "நான் நிறுத்திட்டா அவனவன் கடன் வாங்கி, பயமில்லாம செய்வான்" என்றார். முதல் தடவையாக நிபந்தனைகள் விதித்தார். கொடுப்பவரிடம் சம்பளம் வாங்குபவர் யாரும் ஆபத்தான வேஷம் போடக் கூடாது. ஒத்திகை பார்க்காத எதையும் மேடையில் செய்யக் கூடாது. கட்டுகிறவர்கள் முகம் பார்த்துக் கட்ட வேண்டும். கதையை எப்படி நடத்துவது என்பதில் தலையிட மறுத்துவிட்டார். அந்தோணியும் சின்னப்பனும் பல நாள் சண்டையிட்டு அதைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். சிலுவை சுமந்து போகும்வரை மனிதர் நடிப்பார், திரை விழும், திரை உயரும்போது சிலுவையில் சுரூபம் இருக்கும். திரைக்குப் பின்னால் மனிதனும் மரமும் இடம் மாறும் அந்தச் சிறு நேரத்தில், பந்தலில் ஒப்பாரி மட்டும் கேட்கும். அதைக் கேட்கவே வைட்ஃபீல்டிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பழையதும் புதியதும் அங்கே சமாதானமானதாக நான் எழுத மாட்டேன். இன்றும் அவர்கள் சண்டையிடுகிறார்கள். சண்டை நடக்க ஓரிடம் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று முதல், எதற்குக் கேட்டு வந்தாலும் அக்கா முதலில் கேட்பது, "இதுல யாருக்கு அடிபடும்?" என்பதுதான். ஆண்டவர் முகத்தைத் துடைத்த வெரோணிக்கா வேஷத்தை ஒரு பெண்ணே போடலாமா என்று சின்னப்பன் கேட்டபோது, அந்தப் பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று பயந்து, ஒத்திகைக்கெல்லாம் அவளருகே போய் உட்கார்ந்தார். ரொட்டிக் கிடங்கு அம்மாவைத் தாண்டி எவனும் வாய் திறக்கவில்லை. சுரூபத்தின் கண்ணில் மின்சார விளக்கு வைக்கலாம் என்று ஒருவர் வந்தார். "கர்த்தருக்குக் கண்ணு எரிஞ்சிடும், போங்கய்யா" என்று அனுப்பிவிட்டார். எல்லா மறுப்பும் சரியென்று சொல்ல முடியாது. கோஷ்டியைச் சென்னைக்கு அழைத்தார்கள். ரயிலில் சுரூபம் உடையும், பிள்ளைகள் தொலைவார்கள் என்று பயந்து செலவு தர மறுத்தார். அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை. சின்னப்பனுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு, அது நியாயமானது.

ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் அக்கா பந்தலில் உட்காராமல் திரையோரம் நின்றார். சிலுவையில் மரம் என்று தெரிந்தும் அதன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "என்ன அக்கா பார்க்கிறீர்கள்?" என்று ஒரு முறை கேட்டேன். "தெரியலடா. பாக்காம இருக்க பயமா இருக்கு" என்றார்.

இந்த இரண்டாம் யுத்தத்தில் கோதுமை மாவு கிடைப்பது அரிதாயிற்று. பாதி நாள் அடுப்பு மூட்டவில்லை. அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. கடைசி வாரங்களில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். இம்முறை நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். பயமாக இருக்கிறதா என்று சுவாமியார் கேட்டார். இவர் புதியவர், தமிழர். "எப்பவும் இருக்கறதுதான் சாமி" என்றார் அக்கா. மறுநாள் காலைப் பூசை நேரத்தில், நாங்கள் சுற்றி நிற்க, மூச்சு நின்றது.

அந்நாட்களில் வீட்டுக்கு வந்து மருந்து கொடுத்த மருத்துவருக்கும், முறைவைத்து அருகிலிருந்த மரியாயின் சபைப் பெண்களுக்கும், தட்டுப்பாட்டுக் காலத்திலும் துக்க வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அல்சூர், பிளாக்பள்ளி அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் பெட்டியைத் தூக்கிக் குழியில் இறக்கியவர்கள் அந்தோணியின் பிள்ளைகள். பெட்டியை மூடுமுன் அவர்கள் தலை குனியாமல் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டே இறக்கினார்கள். பாட்டு ஒத்திகை முதல் ஒப்பாரி வரை பொறுப்பேற்று ஆண்டுப் பூசை ஏற்பாடுகளைச் செய்து தரும் சின்னப்பனுக்கும் நன்றி.

பாஸ்காவுக்கு அக்கா கொடுத்து வந்ததைத் தம்பிமார் நாங்கள் தொடர்ந்து கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். இந்தத் தபசு காலத்தில் அதைச் சொல்லக் கோஷ்டியைக் கூட்டினோம். ஒலிபெருக்கி வேண்டும், மேடையைச் சுழல வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் அடுக்கினார்கள். அக்காவின் கேள்வியை நான் கேட்டேன். எங்கள் வாயில் அது வெறும் சொல்லாக விழுந்தது, எவருக்கும் உறைக்கவில்லை. சவரிமுத்துவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் தலை நிமிராமலே சொன்னார்: "காசு நீங்க குடுங்கய்யா. பயப்படறதை நான் பாத்துக்கறேன்."

அவருக்கும் எங்கள் நன்றி.